சாதி வன்கொடுமை: தண்டனையைத் தாண்டி என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்மீது சாதி வெறுப்பால் நடக்கும் குற்றங்களைப் பற்றிய கேள்விகள் இவை. பாதிக்கப்பட்ட குடும்பத்தார், ஆசிரியர்கள், களப்பணியாளர்கள் ஆகியோருக்காகத் தொகுத்திருக்கிறோம். ஊரில் இன்னமும் ‘பி.சி.ஆர். கேஸ்’ என்றே சொல்லப்படும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையே கீழே ‘சட்டம்’ என்றும், 1995இல் வந்த அதன் விதிகளை ‘விதிகள்’ என்றும் குறிப்பிடுகிறோம்.

தண்டனைக்கு மாற்று என்று பேசினால் குற்றவாளியைத் தப்பவிடுவதாக ஆகாதா?

ஆகக்கூடும். அதனால் யாருக்கு, எந்தக் குற்றத்துக்கு என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும்.

18 வயதைக் கடந்த ஒருவர் இந்தச் சட்டத்தின் கீழ் குற்றவாளி என்று தீர்ப்பானால், அவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அடிப்படையில் விடுவிக்க முடியாது. பிரிவு 19 அந்தக் கதவை அடைத்துவிட்டது. முதல்முறை திருடியவருக்குக் கிடைக்கக்கூடிய சலுகை இங்கே வேண்டுமென்றே மறுக்கப்பட்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவையும் ஒரு தண்டனைதான். ஆனால் அது விரல்விட்டு எண்ணக்கூடிய சில சிறு குற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே வயது வந்தோர் செய்யும் வன்கொடுமையில் வழக்குக்குப் பதிலாக வேறொன்று என்ற பேச்சுக்கே இடமில்லை. வழக்கு தன் வழியில் போகட்டும். அதோடு கூடவே செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. உண்மையான மாற்று வழி திறந்திருப்பது 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத்தான்.

கூடவே செய்ய வேண்டியவற்றை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? வீட்டை எரித்தவனுக்கு ஐந்து வருடம் கழித்துச் சிறை கிடைக்கலாம். எரிந்த வீட்டுக்காரர்கள் இன்றிரவு எங்கே படுப்பார்கள், நாளை அதே தெருவழியே பிள்ளை எப்படிப் பள்ளிக்குப் போகும் என்ற கேள்விகளுக்கு எந்தத் தீர்ப்பும் பதில் சொல்வதில்லை.

தாசில்தார் அலுவலகத்தில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ நடத்துகிறார்களே, அது மாற்று வழி இல்லையா?

பெரும்பாலான இடங்களில் இல்லை. அந்த அறையைக் கொஞ்சம் பாருங்கள். மேசைக்கு முன்னால் போட்ட நாற்காலிகளில் ஊர்ப் பெரியவர்களும் கட்சிக்காரர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பாதிக்கப்பட்டவரும் அவருடைய அம்மாவும் கதவோரம் நிற்பார்கள். ஒப்பந்தம் ஏற்கெனவே வெள்ளைத்தாளில் எழுதியிருக்கும்: ‘இரு தரப்பாரும் இனி எவ்விதப் பிரச்சினையிலும் ஈடுபட மாட்டோம்.’ அடித்தவரும் அடிபட்டவரும் அந்த ஒரே வரியில் ‘இரு தரப்பார்’ ஆகிவிடுகிறார்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால், “நாளைக்கும் இதே ஊர்லதானம்மா இருக்கணும்” என்று ஒருவர் மெதுவாகச் சொல்வார். அது அறிவுரைபோலக் கேட்கும் மிரட்டல்.

இதில் என்ன நடந்தது, யார் செய்தார் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. இழப்பு ஈடுசெய்யப்படுவதில்லை. மீறினால் என்ன ஆகும் என்றும் எழுதப்படுவதில்லை. கலவரம் மூளாமல் இரண்டு நாள் தள்ளிப்போட அது உதவலாம். அதற்குமேல் அதற்கு மதிப்பில்லை. முக்கியமாக, பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதைக் காரணம் காட்டி முதல் தகவல் அறிக்கை பதியாமல் இருக்க முடியாது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத அரசு ஊழியர் இந்தச் சட்டப்படியான கடமையை வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் பிரிவு 4இன்படி அதுவே குற்றம். 6 மாதம் முதல் ஒரு வருடம்வரை சிறை உண்டு.

வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடுமா?

முடியாது. இவை சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றங்கள் அல்ல. காவல் நிலையத்திலோ சிறப்பு நீதிமன்றத்திலோ இருவரும் சமாதானமாகிவிட்டோம் என்று எழுதிக் கொடுத்து வழக்கை மூட வழியில்லை. உயர் நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தைக் கொண்டு ரத்துசெய்யலாம். 2021இல் ராமாவதார் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு எல்லை வகுத்தது: தகராறு முதன்மையாகத் தனிப்பட்டதாகவோ உரிமையியல் சார்ந்ததாகவோ இருந்து, சாதியைக் காரணமாக வைத்துக் குற்றம் நடக்கவில்லை என்றால், சமரசம் தானாக முன்வந்து செய்யப்பட்டது என்று நீதிமன்றத்துக்குத் திருப்தி ஏற்பட்டால் ரத்துசெய்யலாம். சாதி வெறுப்பே காரணமான குற்றத்துக்கு அந்தத் தீர்ப்பு வழிவிடவில்லை.

வாபஸ் என்ற பெயரில் நடைமுறையில் நடப்பது வேறு. சாட்சிகள் முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மறுத்துப் பிறழ்சாட்சி ஆகிறார்கள், வழக்கு தோற்கிறது, ‘பொய் வழக்கு’ என்ற பெயர் குடும்பத்தின்மேல் விழுகிறது. விடுதலையான மறுநாளே சமாதானத்தின் கதி தெரிந்துவிடும்.

தண்டனை தவிரச் சட்டம் என்னென்ன தருகிறது?

நிறைய தருகிறது. மிகக் குறைவாகக் கேட்டுப் பெறப்படும் பகுதியும் இதுதான்.

விதி 12(4)இன்படி மாவட்ட நிர்வாகம் ஏழு நாளுக்குள் நிவாரணம் தர வேண்டும். 2016இல் திருத்தப்பட்ட மத்திய அட்டவணையில் குற்றத்தைப் பொறுத்து 85,000 முதல் 8,25,000 ரூபாய்வரை இருந்தது. தமிழ்நாடு அரசு 2021இல் அதைக் குறைந்தபட்சம் 1 லட்சம், அதிகபட்சம் 12 லட்சம் என்று உயர்த்த முடிவெடுத்தது. பணம் ஒரேயடியாக வராது. பெரும்பாலான குற்றங்களில் ஒரு பங்கு முதல் தகவல் அறிக்கையின்போதும், ஒரு பங்கு குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போகும்போதும், மிச்சம் தண்டனை அறிவிக்கப்படும்போதும் வரும். கொலையில் பாதி பிரேதப் பரிசோதனைக்குப் பின், மீதி குற்றப்பத்திரிகையின்போது.

கொலையானவரின் குடும்பத்துக்குக் கூடுதலாக உண்டு: மனைவிக்கோ சார்ந்திருப்போருக்கோ மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியமும் அகவிலைப்படியும், ஒருவருக்கு வேலை, விவசாய நிலம், வீடு, பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்புவரை கல்விச் செலவு, மூன்று மாதத்துக்கு அரிசி பருப்பு பாத்திரம். இவற்றைக் கேட்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் அதிகம். ரொக்கம் மட்டுமே நிவாரணம் என்று அதிகாரிகளே சொல்லி அனுப்பிவிடுவதும் உண்டு.

பிரிவு 15அ (2016 ஜனவரி 26 முதல்) ஜாமீன், விடுதலை, பரோல், தண்டனை என ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்லும் உரிமையைத் தருகிறது. விசாரணைக்குப் போய்வரும் பயணச் செலவு, பாதுகாப்பு, வேறிடத்தில் குடியமர்த்தல் எல்லாம் இதிலேயே இருக்கின்றன. ஜாமீன் மனு வருவதை முன்கூட்டியே தெரிவிக்காவிட்டால் அதை நீதிமன்றத்தில் ஆட்சேபிக்கலாம்.

நிவாரணம் எங்கே தடைபடுகிறது?

நான்கு இடங்களில். முதலாவது, முதல் தகவல் அறிக்கையில் தவறான பிரிவு. குடிநீரைக் கெடுத்த குற்றத்தைச் சாதாரண அவதூறுப் பேச்சாகப் பதிந்தால் தொகையும் மாறும், விசாரணையின் போக்கும் மாறும். நகலை இலவசமாக வாங்கி அன்றே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இரண்டாவது, சாதிச் சான்றிதழ். அது கையில் இல்லையென்று கோப்பு வாரக்கணக்கில் நிற்கும். சம்பவத்துக்கு மறுநாளே விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டைக் கோப்போடு சேர்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது, குற்றப்பத்திரிகை. டி.எஸ்.பி. நிலையில் உள்ள அதிகாரி விசாரித்து 60 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அது தள்ளிப்போனால் இரண்டாம் தவணையும் தள்ளிப்போகும். நான்காவது, கண்காணிப்பின்மை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி 17. கடைசி நான்கு கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். கூட்டமே நடக்கவில்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலே அடுத்த மனுவுக்கு ஆதாரம்.

‘காசுக்காக கேஸ் போடுறாங்க’ என்று பேசுகிறார்களே?

விபத்தில் சிக்கியவர் இழப்பீடு வாங்கினால் யாரும் இப்படிப் பேசுவதில்லை. சட்டப்படி வர வேண்டிய தொகையை வாங்குங்கள்.

அடித்தவர்கள் பள்ளி மாணவர்கள். அவர்களையும் சிறைக்கு அனுப்ப வேண்டுமா?

18 வயதுக்குக் கீழ் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்டது அது; அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 18 அதற்குப் பல வழிகளைத் தருகிறது: கண்டித்து அனுப்புதல், குழு ஆலோசனை, சமூக சேவை, பெற்றோர்மீது அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு, கடைசியாக மூன்று ஆண்டுவரை சிறப்பு இல்லம். இவற்றோடு, பள்ளிக்குத் தவறாமல் போக வேண்டும், குறிப்பிட்ட இடத்துக்குப் போகக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை விதிக்கலாம். 16 வயது நிரம்பியவர் குறைந்தபட்சம் ஏழாண்டு தண்டனைக்குரிய கொடிய குற்றம் செய்திருந்தால் மட்டுமே வயது வந்தவர்போல விசாரிக்கலாமா என்ற பரிசீலனை நடக்கும்.

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் தாள் ஒன்று உண்டு. நன்னடத்தை அலுவலர், சிறுவனை முதலில் குழுமத்தின் முன் நிறுத்திய 15 நாளுக்குள் தர வேண்டிய சமூகப் புலனாய்வு அறிக்கை. அது பெரும்பாலும் குடும்ப வருமானம், அப்பாவின் குடிப்பழக்கம், மதிப்பெண் என்று படிவத்தை நிரப்புவதோடு நின்றுவிடுகிறது. சாதி அமைப்புகளின் வாட்ஸ்அப் குழுவில் சிறுவன் இருக்கிறானா, குருபூஜை ஊர்வலத்துக்கு யார் அழைத்துப்போனார்கள், அரிவாள் யார் வீட்டிலிருந்து வந்தது, முன்பு யாரையாவது இப்படித் துன்புறுத்தியிருக்கிறானா என்பவற்றை அது கேட்பதில்லை. வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தரப்படும் ஆலோசனை, கோபத்தை அடக்கும் மூச்சுப் பயிற்சியாக முடியும். இவன் கோபத்தில் அடிக்கவில்லை. தனக்கு அந்த உரிமை இருக்கிறது என்று நம்பி அடித்தான். பாதிக்கப்பட்டவர் தரப்பு இந்தக் கேள்விகளை எழுத்தில் குழுமத்திடம் தந்து, அறிக்கையில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தாக்கியவர் சிறுவர் என்பதால் பாதிக்கப்பட்டவரின் நிவாரணம் குறையாது. இரு தரப்புச் சிறுவர்களின் பெயரையோ படத்தையோ வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74இன்படி குற்றம். ஆதரவுப் பதிவு போடுபவர்கள்தான் இதை அதிகம் மீறுகிறார்கள்.

பள்ளி என்ன செய்ய வேண்டும்? டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாமா?

எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் வெளியேற்ற முடியாது. கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. அதற்கு மேலும் டி.சி. ஒரு தீர்வில்லை. பெரும்பாலும் டி.சி. வாங்கிப்போவது அடிவாங்கிய பிள்ளைதான் என்பது இன்னும் கொடுமை.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை ஆசிரியர்கள் மறக்கக் கூடாது. சக மாணவர்களின் துன்புறுத்தலால் பள்ளிக்கு வராமல் நின்ற பிளஸ் டூ மாணவர் ஒருவர் தரப்பிலிருந்து பள்ளியில் புகார் போனது. அன்றிரவே அவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. புகார் வந்துவிட்டது என்பது மறுதரப்புக்குத் தெரியும் கணம்தான் மிக ஆபத்தானது. ஆகவே வரிசை முக்கியம்:

1. புகார் கொடுத்தவரின் பாதுகாப்பு முதலில். அன்று வீட்டுக்கு யாருடன், எந்த வழியில் போகிறார், இரவு எங்கே தங்குகிறார் என்று முடிவுசெய்து, காவல் நிலையத்துக்கும் சொல்லிவிட்ட பிறகே மறுதரப்பு மாணவர்களை அழைக்க வேண்டும்.
2. இருவரையும் ஒரே அறையில் நிறுத்தி ‘கை குடுங்கடா’ என்று சொல்லவே கூடாது.
3. வெட்டு, அடி, மிரட்டல் இருந்தால் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும். பள்ளியின் பெயர் கெடும் என்று மறைத்தால் அடுத்த சம்பவம் இன்னும் பெரிதாக இருக்கும்.
4. பிரிக்க வேண்டியிருந்தால் இடம் மாறுவது துன்புறுத்தியவராக இருக்கட்டும்: வகுப்புப் பிரிவு, பேருந்து நேரம், விளையாட்டு நேரம் எல்லாவற்றிலும்.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதி அடையாளக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம், ஆசிரியர்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் இடமாற்றுதல் போன்றவை அதன் பரிந்துரைகளில் உண்டு. ஒரே ஊரில், ஆதிக்க சாதியைச் சேர்ந்த ஆசிரியர்களே நீண்டகாலம் இருக்கும் பள்ளியில், புகார்ப் பெட்டி வைத்தால்கூட அதில் சீட்டு விழாது. கயிற்றை அறுப்பது எளிது. கயிற்றைக் கட்டிவிட்டவர் வெளியே நிற்கிறார். அவரைப் பற்றிய பேச்சைப் பள்ளி தொடங்குவதே இல்லை.

பாதிக்கப்பட்டவரும் தாக்கிய மாணவரும் நேருக்கு நேர் சந்தித்துப் பேசுவது உதவுமா?

உதவலாம். ‘ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ்’ எனப்படும் மறுசீரமைப்பு நீதி முறையின் மையம் இதுதான். ஆனால் சந்திப்பு கடைசிப் படி. அதற்கு முந்தைய வேலைதான் பெரிது.

முதல் நிபந்தனை, செய்ததை முழுமையாக ஒப்புக்கொள்வது. ‘நடந்ததா இல்லையா’ என்ற வாதம் மிச்சம் இருந்தால் சந்திப்பு வேண்டாம். இரண்டாவது, பாதிக்கப்பட்டவர் சம்மதம். அவருடைய பெற்றோர் சம்மதமோ ஊர் சம்மதமோ அதற்கு ஈடாகாது. இரு தரப்போடும் தனித்தனியாகக் குறைந்தது இரண்டு மூன்று முறை, வெவ்வேறு நாட்களில் பேச வேண்டும். சந்திப்பை நடத்துபவர்கள் இருவராக இருப்பது நல்லது. ஒருவர் பாதிக்கப்பட்டவரின் சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்கட்டும், இருவரும் அந்த ஊர்க்காரர்களாக இருக்க வேண்டாம். குழுமத்தில் வழக்கு இருந்தால் அதற்குத் தெரிந்தே நடக்க வேண்டும். அங்கே சொல்வது வழக்கில் ஒருவருக்கு எதிராகப் போகுமா என்று முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

இடத்தைப் பாதிக்கப்பட்டவர் தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொருவரோடும் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். தலைவர்கள், நிருபர்கள், செல்போன் கேமரா எதுவும் கூடாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலி. வரும் நேரமும் போகும் நேரமும் இரு தரப்புக்கும் வேறு வேறாக இருக்கட்டும். வாசலில் நடக்கும் முறைப்பு உள்ளே நடந்த அத்தனையையும் கெடுத்துவிடும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் போதும். பாதிக்கப்பட்டவர் எந்தக் கணத்திலும் எழுந்து போகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மன்னிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் சமரசம் வேண்டாம். “தெரியாம நடந்துருச்சு, மனசுல வச்சுக்காத” என்பதை ஏற்காதீர்கள். என்ன செய்தேன், எந்தச் சொல்லால் திட்டினேன், ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தேன் என்று செய்தவன் தன் வாயால் சொல்ல வேண்டும். மன்னிக்கும் கடமை யாருக்கும் இல்லை. “கேட்டுக்கொண்டேன்” என்று சொல்லி எழுந்துபோவதும் முழுமையான பதில்தான்.

உடன்பாட்டில் அளக்கக்கூடியதை எழுதுங்கள். ‘ஒற்றுமையாக இருப்போம்’ என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. ‘மருத்துவச் செலவில் இவ்வளவு, இந்தத் தேதிக்குள், இன்ன வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகல், ஆறு மாதம் வாரம் இரண்டு மணி நேரம் இன்ன நூலகத்தில் வேலை’ என்பதைச் சரிபார்க்கலாம். 30, 90, 180ஆம் நாட்களில் யார் பார்வையிடுவார் என்ற பெயரும் அதிலேயே இருக்கட்டும்.

எப்போது சந்திப்பு கூடவே கூடாது?

பாலியல் வன்முறையில், கொலையில், மிரட்டல் இன்னும் தொடரும்போது, பாதிக்கப்பட்டவர் குடும்பம் தாக்கியவர் நிலத்தில் கூலிவேலை செய்து பிழைக்கும்போது. கடைசிச் சூழலில் ‘சம்மதம்’ என்று வரும் சொல்லை நம்ப முடியாது.

ஊரே சேர்ந்து செய்த ஒதுக்கல் என்றால்?

சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பே பிரிவு 3இல் குற்றம். அதோடு தண்டனைக்கு முந்தைய கருவிகள் நிர்வாகத்திடம் இருக்கின்றன: பதற்றமான ஊர்களை முன்பே அடையாளம் காணுதல், துப்பாக்கி உரிமங்களை ரத்துசெய்தல் (விதி 3), தூண்டிவிடக்கூடியவரைச் சிறப்பு நீதிமன்ற ஆணையால் அப்பகுதியிலிருந்து வெளியேற்றுதல் (பிரிவு 10). இவை பயன்படுவது அரிது, பெரும்பாலும் அரசியல் அழுத்தத்தால்.

பேசித் தீர்த்த ஊர்களும் உண்டு. மதுரை மாவட்டம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டம் கொட்டகச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகளில் (தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை) ஆதிக்க சாதியினர் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலைத் தடுத்தார்கள், அல்லது வென்றவரை உடனே ராஜினாமா செய்யவைத்தார்கள். 2006 அக்டோபரில் அங்கே தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். மதுரை ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசியது அதற்கு முக்கியக் காரணம். தலித் தலைவர் உண்டா இல்லையா என்பது அந்தப் பேச்சில் பேரத்துக்கு வரவில்லை. எப்படி என்பது மட்டுமே பேசப்பட்டது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து 1989இல் எழுந்த சுவரின் ஒரு பகுதி 2008 மே 6இல் இடிக்கப்பட்டது. 2011 அக்டோபரில் எழுத்து உடன்பாடு, அடுத்த மாதம் தலித் மக்களின் முத்தாலம்மன் கோயில் நுழைவு. அதற்குப் பிறகும் கோயிலை வைத்துத் தகராறுகள் எழுந்தன. கோயில் நுழைவு நடந்த அன்று கேமராக்கள் இருந்தன; அடுத்த வருடத் திருவிழாவில் யார் எங்கே நின்று கும்பிடுவது என்று உடன்பாட்டிலேயே எழுதிவைக்காவிட்டால் சண்டை அங்கிருந்துதான் திரும்பத் தொடங்கும்.

வெளிநாடுகளில் இப்படிச் செய்திருக்கிறார்களா?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் ஆஷ்பர்னில், கறுப்பினக் குழந்தைகள் படித்த பழைய பள்ளிக்கட்டடத்தில் 2016இல் ஐந்து சிறுவர்கள் ஸ்வஸ்திகாவும் இனவெறி வாசகங்களும் எழுதினார்கள். அரசுத் தரப்பு வழக்கறிஞரின் யோசனையை ஏற்று நீதிபதி தந்த உத்தரவு: 35 நூல்கள் கொண்ட பட்டியலிலிருந்து மாதம் ஒன்று, ஓராண்டுக்குப் படித்து அறிக்கை எழுத வேண்டும், யூத இனப்படுகொலை அருங்காட்சியகத்துக்கும் போக வேண்டும். இங்கே குழுமம் இதைச் செய்யச் சட்டத் தடை எதுவுமில்லை. ஆனால் அது சுவரில் எழுதிய குற்றம். அரிவாள் எடுத்தவனுக்குப் புத்தகம் மட்டும் போதாது.

உடன்பாட்டை மீறினால் என்ன செய்வது? யாரை அழைப்பது?

மீறிய அன்றே தேதி, நேரம், சாட்சியோடு எழுதி நன்னடத்தை அலுவலருக்கும் குழுமத்துக்கும் தாருங்கள். நிபந்தனையை மீறினால் உத்தரவை மாற்றக் குழுமத்தால் முடியும். மிரட்டல் என்றால் அது புதிய குற்றம், புதிய புகார். பழைய உடன்பாட்டைக் காட்டி ‘அதான் பேசி முடிச்சாச்சே’ என்று நிலையத்தில் திருப்பி அனுப்பினால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வன்கொடுமைக்கான தேசிய உதவி எண் 14566. இலவசச் சட்ட உதவிக்கு 15100. குழந்தைகளுக்கு 1098. அழைத்ததும் தரப்படும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பேசும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.